ரோலர் டெர்பி: நம்ம கடற்கரையில திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல இருக்கற ஒரு கடலோர ஊர்ல மூணு வருஷமா கொஞ்சம் பொண்ணுங்களுக்கு ரோலர் டெர்பி சொல்லிக் குடுக்குறேன். நான் மெல்போர்ன்ல நர்சிங் படிக்கப் போனப்ப கத்துக்கிட்ட ஆட்டம் இது, ஊருக்கு வந்தப்புறமும் விட மனசு வரல. புதுசா யாரு வந்தாலும், பிள்ளைங்களோட அம்மாமாரும் சரி, ரோட்டுல நின்னு வேடிக்கை பாக்குறவங்களும் சரி, கேக்குறது இதே கேள்விகளத்தான். அவங்க கேட்ட மாதிரியே எழுதியிருக்கேன்.

"ரோலர் டெர்பின்னா என்னக்கா, ஸ்கேட்டிங் ரேஸா?"

ரேஸ் இல்ல. காலுல நாலு சக்கர ஸ்கேட்ஸ் மாட்டிக்கிட்டு, முட்டை மாதிரி வளைஞ்ச ஒரு தடத்துல ரெண்டு டீம் ஒடம்பால மோதிக்கிற ஆட்டம். ஒரு நேரத்துல டீமுக்கு அஞ்சு பேர் உள்ள நிப்பாங்க. அதுல ஒருத்தி ஜாமர், அவ ஹெல்மெட்டு மேல நட்சத்திரம் போட்ட துணி உறை இருக்கும், பாயிண்ட் எடுக்குறது அவ மட்டும்தான். மீதி நாலு பேரும் பிளாக்கர். அந்த நாலுல ஒருத்திக்கு கோடு போட்ட உறை இருக்கலாம், அவள பிவட்டுன்னு சொல்லுவாங்க, அவளுக்கு ஒரு தனி வேலை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

மொத்த ஆட்டம் 60 நிமிஷம், 30 30ஆ ரெண்டு பாதி. அதுக்குள்ள சின்னச் சின்ன சுத்தா ஆடுவாங்க, ஒரு சுத்துக்கு ஜாம்னு பேரு, அதிகபட்சம் 2 நிமிஷம் ஓடும். ஒரு ஜாமுக்கும் அடுத்த ஜாமுக்கும் நடுவுல 30 செகண்ட் இடைவெளி, அதுக்குள்ள ஆள மாத்திக்கணும். ஒரு ஆட்டத்துக்கு டீம்ல 15 பேர் வரைக்கும் எழுதிக்கலாம், அதனால யாரும் 60 நிமிஷமும் விடாம ஓட வேண்டியதில்ல.

"எல்லாம் சரி, பந்து எங்க?"

பந்து கிடையாது. வேடிக்கை பாக்க வர்ற பெரியவங்க நூத்துக்குத் தொண்ணூறு பேர் இதத்தான் மொதல்ல கேக்குறாங்க. ஜாமரத்தான் நீங்க பந்தா நெனச்சுக்கணும், நட்சத்திரம் எங்க போகுதோ கண்ணு அங்க போகணும். ரெண்டு டீமுக்கும் ஆளுக்கொரு ஜாமர், அதனால ஒரே நேரத்துல ரெண்டு பந்து உருளுற மாதிரி.

"கபடி மாதிரின்னு சொல்றாங்களே, நெசமா?"

நெசந்தான், நம்ம ஊர்ல இத விளக்க கபடியவிட நல்ல வழி எனக்குத் தெரியல. ஜாமர்னா ரெய்டர். பிளாக்கர்னா கைகோத்து நிக்கிற ஆண்ட்டிஸ், அதாவது ரெய்டர புடிக்கிற பக்கம். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கபடியில ஒரு பக்கம் ரெய்டு போகும், மறுபக்கம் காத்துக்கிட்டு நிக்கும், இங்க ரெண்டு ரெய்டும் ஒரே நேரத்துல நடக்குது. உன் நாலு பிளாக்கரும் எதிரி ஜாமர வெளிய விடாம அமுக்கிப் புடிக்கணும், அதே நொடியில உங்க ஜாமருக்கு ஒரு சந்து தொறந்து விடணும். புடிக்கிறதும் தொறக்குறதும் ஒண்ணா நடக்கணும், அதுதான் இந்த ஆட்டத்தோட உசிரே. வேகமா ஓடுறவ ஜெயிப்பான்னு நெனச்சு வர்ற பிள்ளைங்க மொத வாரத்துலேயே அத மாத்திக்கிறாங்க.

இன்னொண்ணு, கபடியில காலப் புடிக்கலாம் இடுப்பக் கட்டலாம், இங்க கையால புடிக்கவே கூடாது.

"அப்ப பாயிண்ட் எப்படி எண்ணுறது? எனக்கு ஒண்ணுமே புரியல"

எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்துவாங்க. தொடக்கத்துல 30 அடி இடைவெளியில ரெண்டு கோடு, அதுக்கு நடுவுல பிளாக்கர் எல்லாரும், பின்கோட்டுக்குப் பின்னாடி ரெண்டு ஜாமரும். விசில் ஊதினதும் ஜாமருங்க கூட்டத்துக்குள்ள புகுந்து முன்னாடி வரணும். இந்த மொத தடவைக்கு பாயிண்ட் கிடையாது. வெளிய வந்து ஒரு ரவுண்டு சுத்தி திரும்ப வந்து கூட்டத்துக்குள்ள நுழையுறா பாருங்க, அப்பயிருந்து எதிரி பிளாக்கர் ஒருத்திய முறையாத் தாண்டினா 1 பாயிண்ட். நாலு பேரையும் தாண்டினா 4. திரும்ப ஒரு ரவுண்டு, திரும்ப 4. நேரம் இருக்கற வரைக்கும் எடுத்துக்கிட்டே போகலாம்.

புரியலன்னா ஒரு ஜாம் மட்டும் ஒரே ஒரு நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டே இருங்க, வேற யாரையும் பாக்காதீங்க. மூணாவது ஜாம்ல நீங்களே எண்ண ஆரம்பிச்சிடுவீங்க.

"நடுவுல ஒருத்தி இடுப்புல தட்டுறா, ஒடனே எல்லாரும் நின்னுடுறாங்க, அது என்ன சைகை?"

கூட்டத்தத் தப்பு இல்லாம மொதல்ல தாண்டி வர்ற ஜாமருக்கு லீட் ஜாமர்னு பேரு. ரெண்டு நிமிஷம் முடியுறதுக்கு முன்னாடியே ஜாம நிப்பாட்டுற உரிமை அவளுக்கு மட்டுந்தான். ரெண்டு கையாலயும் இடுப்புல திரும்பத் திரும்பத் தட்டினா நடுவர் விசில் ஊதிடுவாரு.

இதுலதான் மூளை வேலை இருக்கு. நான் 4 எடுத்துட்டேன், எதிரி ஜாமர் பின்னாடியே வந்துக்கிட்டிருக்கா, இன்னொரு ரவுண்டு போகலாமா இல்ல அவ எடுக்குறதுக்குள்ள தட்டி முடிச்சிடலாமா? மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு நொடியில முடிவெடுக்கணும். லீட் எடுத்தவ தப்பு பண்ணி பெனால்டி வாங்கினா அந்த உரிமை போயிடும், அப்புறம் அந்த ஜாம் ரெண்டு நிமிஷமும் ஓடித்தான் தீரும்.

"இடிக்கலாம்னு சொல்றீங்க, அடிக்கலாமா?"

அடிக்கக் கூடாது. தோள், மேல்கை, மார்பு, இடுப்பு, தொடையோட மேல்பாதி, இதாலதான் இடிக்கலாம். முழங்கையால குத்துறது, முன்கையால தள்ளுறது, தலையால முட்டுறது, காலக் குடுத்து விழ வைக்கிறது எல்லாமே தப்பு. எங்க இடிக்கலாம்ங்கறதுக்கும் கணக்கு இருக்கு. தலை, கழுத்து, முதுகு, நடுத்தொடைக்குக் கீழ, இங்கெல்லாம் படவே கூடாது. முன்பக்கமும் பக்கவாட்டும் மட்டும்.

தப்பு பண்ணினா பெனால்டி பாக்ஸ்ல 30 செகண்ட் உக்காரணும். ஒரே ஆட்டத்துல 7 பெனால்டி வாங்கினா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. ஜாமரே பாக்ஸுக்குப் போயிட்டா ஜாம் நிக்காது, எதிரி ஜாமர் மட்டும் தனியாச் சுத்துவா, பாயிண்ட் மளமளன்னு ஏறிடும். அதனால கோவத்துல கைய நீட்டுற பிள்ளைய ஜாமரா போட முடியாது.

"எம்மவ விழுந்து பல்லு கில்லு போச்சுன்னா நாளைக்கு யாரு கட்டிக்குவா?"

இந்தக் கேள்விய நான் ஒருநாளும் லேசா எடுத்துக்கிட்டதில்ல, பெத்தவங்களுக்கு அந்த பயம் இருக்கத்தான் செய்யும். ஹெல்மெட், பல்லுக்கு மவுத்கார்டு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், இந்த அஞ்சு எடத்துக்கும் பாதுகாப்பு இல்லாம யாரையும் நான் தளத்துல ஏத்த மாட்டேன். அடி படவே படாதுன்னு பொய் சொல்லவும் மாட்டேன். நீலம் பாஞ்சு கன்னிப்போறது சாதாரணம், கணுக்கால் பெசகும், அபூர்வமா எலும்பும் முறியும்.

அதனாலதான் மொத மாசம் முழுக்க விழத்தான் சொல்லித் தர்றோம். ஒரு முட்டியில விழுந்து ஒடனே எந்திரிக்கிறது, ரெண்டு முட்டியிலயும் விழறது, ஒடம்ப சின்னதாக்கி விழறது. விழும்போது வெரல மடக்கி கைய மூடிக்கணும், விரிச்சு வச்சா அடுத்தவ சக்கரம் வெரல் மேல ஏறிடும். சின்னப்பாலத்துல பாசி எடுக்கப் போற ஒரு அம்மா மக மணிக்கட்டுல நான் கார்டு கட்டுறத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம் அவங்க வெரலக் காட்டினாங்க, பாறை கிழிக்காம இருக்க துணி சுத்திச் சுத்தி நகத்துக்குக் கீழ எல்லாம் தழும்பேறி இருந்துச்சு. "நாங்க துணி சுத்திக்கிட்டு கடலுக்குள்ள போறோம், இவ பிளாஸ்டிக்கு சுத்திக்கிட்டு சிமெண்டுல விழுறா, கட்டி விடுத்தா"ன்னாங்க. அந்தப் பொண்ணுதான் இன்னைக்கு எங்க பிவட்.

"எம்பிள்ள கொஞ்சம் குண்டு, அவளால முடியுமா?"

முடியும், அதுவும் நல்லாவே முடியும். மூணு பிளாக்கர் ஒட்டி நின்னு சுவரு மாதிரி போகும்போது நடுவுல கனமா, இடுப்பு தாழ்ந்து நிக்கிறவள நகட்டவே முடியாது. சின்னதா ஒல்லியா இருக்கறவ சந்துல பூந்து ஜாமரா போவா. ஒசரமானவளுக்கு ஒரு வேலை, குட்டையானவளுக்கு ஒரு வேலை. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில ஒரு தடவகூட பேரு குடுக்காத பிள்ளைங்க எங்ககிட்ட நாலு பேர் இருக்காங்க, நாலு பேருமே பிளாக்கர். இந்த ஆட்டத்த இங்க கொண்டு வரணும்னு எனக்குத் தோணுனதே இதுக்குத்தான்.

"எங்க உம்மா தலையில துணி இல்லாம விட மாட்டாங்க, ஆடலாமா?"

கீழக்கரையில இருந்து வர்ற ரெண்டு பேர் அப்படித்தான் ஆடுறாங்க. ஹெல்மெட்டுக்குள்ள வழுக்காம இறுக்கமா நிக்கிற மெல்லிசு துணி, பின்னு ஊசி எதுவும் கிடையாது, நுனிய சட்டைக்குள்ள சொருகிடணும். முழுக்கை சட்டை, முழுக்கால் பேண்ட், அதுக்கு மேல கார்டு. தொங்குற துணி எதுவா இருந்தாலும் ஆபத்து, துப்பட்டாவுக்கும் இதே விதிதான்.

"பொண்ணுங்க மட்டும்தான் ஆடணுமா? தம்பி கேக்குறான்"

இல்ல, ஆம்பளைங்க டீமும் உலகத்துல நெறைய இருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்கும் தனியா இருக்கு. ஆனா இப்ப ஆடுற முறைய பொண்ணுங்கதான் திரும்ப உருவாக்கினாங்க, இன்னைக்கும் பெரும்பாலும் அவங்கதான் நடத்துறாங்க. பயிற்சியில இருந்து கணக்கு வழக்கு வரைக்கும் ஆடுறவங்களே பாத்துக்குவாங்க. தம்பி வரட்டும், நேரம் புடிக்கவும் பெனால்டி எழுதவும் எங்களுக்கு ஆள் வேணும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஸ்கேட்ஸ்ல சுத்துற நடுவரே ஏழு பேர் வரைக்கும் இருப்பாங்க, அதுபோக வெளிய உக்காந்து குறிக்கிறவங்க வேற.

"இது டிவியில காட்டுற பொய்ச்சண்டை மாதிரிதானே?"

ஒரு காலத்துல அந்தப் பேரு இருந்துச்சு, மறைக்க ஒண்ணுமில்ல. 1935ல சிகாகோவுல லியோ செல்ட்ஸர்ங்கறவரு ஒரு ஸ்கேட்டிங் மாரத்தான் நடத்துனாரு, அமெரிக்காவோட ஒரு கரையில இருந்து மறு கரை வரைக்கும் உள்ள தூரத்த ஆணும் பொண்ணுமா ஜோடி சேந்து உள்ளரங்கத்துல சுத்திச் சுத்தியே கடக்கணும். ஜனங்களுக்கு ஓட்டத்தவிட மோதி விழறதுதான் புடிச்சிருக்குன்னு தெரிஞ்சதும் மோதலையே ஆட்டமா மாத்திட்டாங்க. அப்புறம் டிவி வந்து பெருசாச்சு, போகப் போக காட்சிக்காக நடிக்கிறதும் கலந்துச்சு, 1970கள்ல அடங்கிப் போச்சு.

இப்ப நாம ஆடுறது வேற. 2001ல டெக்சாஸ்ல ஆஸ்டின்ங்கற ஊர்ல பொண்ணுங்க சேந்து திரும்ப ஆரம்பிச்சாங்க, பழைய காலத்துச் சாய்வான மரத் தடம் இல்லாம சமதளத்துல ஆடுற முறை வந்துச்சு. அதுதான் பரவுனதுக்குக் காரணம், தரையும் டேப்பும் இருந்தாப் போதும்ல. 2004ல அந்த டீமுங்க ஒண்ணு கூடி சங்கம் அமைச்சாங்க, 2011ல டொராண்டோவுல மொத உலகக் கோப்பை நடந்துச்சு, அமெரிக்கா ஜெயிச்சது. இதுல முன்கூட்டியே முடிவு பண்றதெல்லாம் கிடையாது, விழுற ஒவ்வொரு பாயிண்டும் நெசம்.

"வீட்டுல ஒரே வரிசையில சக்கரம் வச்ச ஷூ இருக்கு, அது போதுமா?"

சும்மா ஓட்டிப் பழக ஆகும், டெர்பிக்கு ஆகாது. இதுக்கு முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு சக்கரம் இருக்கற குவாட் ஸ்கேட்ஸ்தான், முன்னாடி கட்டைவெரலுக்குக் கீழ ரப்பர் ஸ்டாப்பர் இருக்கணும். அதுல ஏறி நின்னு நுனிக்கால்ல ஓடறது ஜாமரோட பாதி வித்தை. கடையில நீட்டிச் சுருக்கி மாட்டுற கொழந்தைங்க ஸ்கேட்ஸ் வாங்கிட்டு வந்துடாதீங்க, பக்கவாட்டுல ஒரு இடி பட்டா அடித்தட்டே வளைஞ்சிடும். சக்கரம் சொரசொரப்பான சிமெண்டுக்கு மெத்துன்னு இருக்கறது, 78ஏன்னு போட்டிருக்கும். வழவழப்பான உள்ளரங்கத் தரைக்கு 88ஏக்கு மேல கெட்டியானது. மொதல்ல காசு செலவு பண்றதுன்னா ஹெல்மெட்டுக்கும் முழங்கால் கார்டுக்கும் பண்ணுங்க, ஸ்கேட்ஸ் எங்ககிட்ட மாத்தி மாத்திப் போட சில ஜோடி இருக்கு.

"நம்ம ஊரு பூரா மணலு, எங்கிட்டு ஓட்டுறது?"

முழுத் தடமும் சுத்தி நடுவர் ஓட எடமும் சேத்தா 108 அடிக்கு 75 அடி வேணும். ஒரு பள்ளிக்கூடத்துல பேஸ்கட்பால் தளத்தக் கேட்டோம், மொதல்ல சரின்னாங்க, பிள்ளைங்க ஒருத்திய ஒருத்தி இடிக்கிறதப் பாத்துட்டு மறுவாரம் கேட்டப் பூட்டிட்டாங்க. எனக்கு ரொம்ப வருத்தம் அது. இப்ப கருவாடு காயப்போடுற சிமெண்டுத் தளத்துல ஆடுறோம், முழு அளவு கிடையாது, முக்கால் அளவுல போட்டிருக்கோம்.

காலையில அஞ்சரைக்கு வந்து ரெண்டு பேர் மொதல்ல பெருக்கணும். மேக்கால இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல பெருக்கி முடிக்கிறதுக்குள்ள திரும்ப மணல் படிஞ்சிடும், கண்ணுக்கே தெரியாத அந்த மெல்லிசு மணல்தான் சக்கரத்த வழுக்கி விடும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில நிக்கும், தளம் பூரா வலை விரிச்சு பொத்தலக் கட்டிக்கிட்டு இருப்பாங்க. அது அவங்க பொழப்பு, அப்ப நாங்க கேக்க மாட்டோம், ஓரத்துல விழற பயிற்சி மட்டும் பண்ணுவோம். அதுலயும் அந்து விழுந்த நைலான் இழை சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவுல போயி சுத்திக்கும், ஊசியால நோண்டி எடுக்கணும். தடத்தோட ஓரத்துக்கு டேப்புக்கு அடியில கயிறு வைக்கிறது எல்லா நாட்டுலயும் வழக்கம், கால் பட்டதும் கோடு இதுதான்னு தெரியும். எங்க தடத்துல வைக்கிறது பழைய வலைக்கயிறு.

"ஆறே மாசத்துல சக்கரம் கிறீச்சுன்னு கத்துது, ஸ்கேட்ஸ் போலியா?"

போலி இல்ல, உப்புக் காத்து. ஒரு ஜோடியில 8 சக்கரம், சக்கரத்துக்கு 2 பேரிங், மொத்தம் 16. இங்க எதையும் தொறந்த எடத்துல தொங்க விடக்கூடாது. மாசத்துக்கு ஒருக்கா பேரிங்க வெளிய எடுத்து மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, பல்லு விளக்குற பழைய பிரஷ்ஷால தேச்சு, நல்லாக் காயவச்சு, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டே சொட்டு. நெறைய ஊத்தினா மணல இழுத்து வச்சுக்கும். தேங்காண்ணெ போடாதீங்க, ஒரு பொண்ணு போட்டுக்கிட்டு வந்து நாலு பேரிங் புடிச்சுப் போச்சு.

"தடத்துக்கு வெளிய தள்ளி விட்டாங்க, சட்டுன்னு உள்ள வந்தேன், பெனால்டின்னுட்டாங்க. ஏன்?"

வெளிய தள்ளினவளுக்குப் பின்னாடிதான் நீ உள்ள வரணும். முன்னாடி வந்தா குறுக்குவழியில போன கணக்கு, பாக்ஸுக்குத்தான். இதுல நுணுக்கம் என்னன்னா, தள்ளினவ அங்கயே நிக்க மாட்டா, பின்பக்கமாவே வெரசா உருண்டு போவா, அவ எம்புட்டு தூரம் போறாளோ நீயும் வெளியவே அம்புட்டு தூரம் பின்னாடி போயிட்டுத்தான் நுழையணும். பின்பக்கம் உருளுறது தப்பில்ல, பின்பக்கமாப் போய்க்கிட்டே யாரையும் இடிக்கிறதுதான் தப்பு.

"பேக் உடைஞ்சிடுச்சுன்னு நடுவர் கத்துறாரு, என்ன உடைஞ்சது?"

ரெண்டு டீம் பிளாக்கரும் கலந்து, ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் 10 அடிக்கு மேல இடைவெளி இல்லாம நிக்கிற பெரிய கூட்டந்தான் பேக். அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி 20 அடி பின்னாடி 20 அடி வரைக்கும்தான் பிளாக்கர் யாரையும் தடுக்கலாம். கூட்டம் பிரிஞ்சிட்டா தடுக்குற உரிமையே இல்ல, எல்லாரும் ஒடனே திரும்பச் சேரணும், வேணும்னே பிரிச்சவளுக்கு பெனால்டி. கரைவலை இழுக்குறப்ப நடுவுல ஒரு ஆள் கைய விட்டா என்னாகும்னு எங்க பிள்ளைங்களுக்குத் தெரியும், அத வச்சுத்தான் சொல்லிக் குடுத்தேன், அதுக்கப்புறம் யாரும் மறக்கல.

"நட்சத்திர உறைய கழட்டி இன்னொருத்தி கையில குடுத்தாளே, அது சரியா?"

சரிதான். மேல சொன்ன பிவட்டோட தனி வேலை இதுதான். ஜாமர் மாட்டிக்கிட்டா உறையக் கழட்டி பிவட் கையில குடுக்கலாம், குடுத்ததும் அவதான் ஜாமர். தூக்கி எறியக் கூடாது, கைக்குக் கை மாறணும். ஆனா லீட் உரிமை கூடவே மாறாது, புது ஜாமரால இடுப்புல தட்டி நிப்பாட்ட முடியாது.

"ரெண்டு ஜாமருமே பாக்ஸுக்குப் போயிட்டா பாயிண்ட் யாரு எடுப்பா?"

ரெண்டாவது ஜாமர் வந்து உக்காந்ததுமே மொத ஜாமர வெளிய விட்டுடுவாங்க. அவ எத்தன செகண்ட் உக்காந்திருந்தாளோ அதே நேரம் ரெண்டாமவளும் உக்காந்தாப் போதும். மொத ஆளு 10 செகண்ட்ல கெளம்பினா இவளுக்கும் 10 செகண்ட். பாக்ஸ்ல ஸ்டாப்வாட்ச் வச்சிருக்கற பிள்ளைக்குத்தான் அன்னைக்கு கை நடுங்கும்.

"பேர மாத்தி வச்சுக்கிறாங்களாமே, எதுக்கு?"

டெர்பியில அது பழைய வழக்கம், களத்துக்குன்னு ஒரு பேரு, நாலு எலக்கம் வரைக்கும் ஒரு நம்பர். கட்டாயமில்ல. எங்க பிள்ளைங்க கடல்லயிருந்தே எடுத்துக்கிட்டாங்க: திருக்கை, சீலா, வாளை, கச்சான். திருக்கைன்னு வச்சுக்கிட்டவ நெசமாவே அப்படித்தான், தரையோட தரையா வந்து பக்கத்துல இருந்து ஒரு வெட்டு.

"இதுல சேந்தா சர்டிபிகேட் கிடைக்குமா? ஒலிம்பிக்ல இருக்கா?"

ஒலிம்பிக்ல டெர்பி இல்ல. சர்டிபிகேட்டுக்காகன்னா இங்க வராதீங்கன்னு நேராவே சொல்லிடுறேன். ஸ்கேட்டிங்ல வேகமும் ஆசையும் இருக்கற பிள்ளைன்னா ஸ்பீடு ஸ்கேட்டிங் பக்கம் அனுப்புங்க, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 3000 மீட்டர் ரிலேயில நம்ம நாட்டு ஆண்கள் டீமும் பெண்கள் டீமும் வெண்கலம் வாங்குனாங்க, சென்னைப் பிள்ளைங்களும் அதுல இருந்தாங்க. டெர்பியில பழகின பேலன்ஸ் அங்கயும் கூட வரும்.

"நாங்க தொண்டி பக்கம், எத்தன பேர் இருந்தா சொந்தமா ஆரம்பிக்கலாம்?"

அஞ்சு பேர் போதும். ஒருத்தி ஜாமர், மூணு பேர் சுவரு, ஒருத்தி விசில். நாங்க ஆரம்பிக்கும்போது ஆறு பேரு, ஸ்கேட்ஸ் மூணு ஜோடி, மீதிப் பேர் வெறுங்கால்லயே சுவரு கட்டிப் பழகினாங்க. தோளோட தோள் ஒட்டி, முட்டிய மடக்கி, இடுப்ப இறக்கி நிக்கிறதுக்கு சக்கரம் எதுக்கு? இப்ப பதினொரு பேர் இருக்கோம், ரெண்டு டீமா பிரிஞ்சு ஆட அஞ்சஞ்சு பேரு, ஒரு ஆளு விசிலு. நீங்க அஞ்சு பேர் சேந்ததும் ஒரு ஞாயித்துக்கெழமை கெளம்பி வாங்க, காலையில அஞ்சரைக்கு, வெளக்கமாறு ரெண்டு எடுத்துக்கிட்டு.